மெயிலுக்குப் பதில் வரவில்லையா? பெங்களூருக்கு வேலைக்கு வந்திருக்கும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திங்கட்கிழமை அனுப்பிய மெயில் வியாழக்கிழமை வரை பதிலில்லாமல் கிடக்கிறது. அனுப்பியவர் ஈரோட்டிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்து, ஒயிட்ஃபீல்டில் ஒரு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர். 'என்னை மதிக்கவில்லை' என்று ஒரு பக்கம் மனம் கறுவுகிறது. 'திரும்பக் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ' என்று இன்னொரு பக்கம் தயங்குகிறது. நடுவில் வேலை நின்றுபோகிறது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் "ஏன் முடியவில்லை?" என்று கேட்டால், "மெயில் போட்டேன் சார், பதில் வரவில்லை" என்கிறார்.

அந்த விடை இங்கே செல்லாது. கல்லூரியில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டால் நம் கடமை முடிந்தது. அலுவலகத்தில் பதிலை வாங்குவதும் வேலையில் சேர்த்தி. அதைச் சண்டையில்லாமல், கெஞ்சாமல் செய்யும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன். உங்கள் மெயில் ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும் மாதிரிகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். சொற்களைவிட அவற்றின் வரிசையைக் கவனியுங்கள்.

முதல் படி: மெயில் போய்ச் சேர்ந்ததா?

கோபப்படுவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்துச் சில விஷயங்களைச் சரிபாருங்கள். பெரிய நிறுவனங்களில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். 'கார்த்திக்' என்று தட்டியதும் கணினி தானாக நிரப்பும் முகவரி, நீங்கள் நினைத்த கார்த்திக்குடையதுதானா என்று பாருங்கள். இணைப்பாகக் கொடுத்த கோப்பைத் திறக்க அவருக்கு அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். திறக்க முடியாத கோப்பைப் பார்த்தவர் 'பிறகு கேட்டுக்கொள்ளலாம்' என்று ஒதுக்கிவிட்டு மறந்துபோவது அன்றாடம் நடப்பது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். மனிதவளத் துறையின் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களை நிரப்பச் சொல்லும். அப்பாவின் பெயர் அவற்றில் ஒன்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். விளைவு, பிரியா அனுப்பும் மெயில் 'முருகேசன்' என்ற பெயரில் போய்ச் சேரும். கூட்டத்தில் பிரியாவோடு நன்றாகப் பேசியவருக்குக்கூட இந்த முருகேசன் யாரென்று தெரியாது. தெரியாத பெயரிலிருந்து வரும் மெயிலை மக்கள் கடைசியில்தான் திறப்பார்கள். ஆகவே சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் பெயர் மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்டச் சொல்லிப் பாருங்கள். தவறாக இருந்தால் ஐடி உதவி மையத்தில் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். மெயிலின் அடியில் கூப்பிடும் பெயர், எந்த டீம், தொலைபேசி எண் ஆகிய மூன்றும் இருக்கட்டும்.

அடுத்தது நாட்காட்டி. நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவம்; கர்நாடகத்தில் விடுமுறை, சென்னையில் இல்லை. பொங்கலுக்குச் சென்னைக் கிளை இரண்டு மூன்று நாள் மூடியிருக்கும். இங்கே சங்கராந்தி ஒரு நாளோடு முடிந்துவிடும். ஹோலியன்று குருகிராமிலும் நொய்டாவிலும் ஆளிருக்காது. பெங்களூரில் பல அலுவலகங்கள் வழக்கம்போல இயங்கும். அமெரிக்காவில் நவம்பரின் நான்காவது வியாழன் நன்றியறிதல் நாள். அந்த வாரத்தின் பின்பாதியில் அங்கிருந்து எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

நேர வேறுபாட்டையும் கணக்கில் எடுங்கள். கலிஃபோர்னியா நமக்குக் கோடையில் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் பதின்மூன்றரை. லண்டனுக்கு அதுவே நாலரை, ஐந்தரை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும் ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவதால், இடைப்பட்ட வாரங்களில் இரு தரப்பும் உள்ள கூட்டங்களின் நேரம் குழம்பும். வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு நீங்கள் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பும் மெயிலை, அங்குள்ளவர் தம் வெள்ளிக்கிழமை காலையில் பார்ப்பார். நமக்கு அப்போது இரவு ஒன்பதரையைத் தாண்டியிருக்கும். அன்று அவர் விட்டுவிட்டால், அவருடைய திங்கட்கிழமைப் பதிலை நீங்கள் செவ்வாய்க்கிழமை காலையில்தான் பார்ப்பீர்கள். மூன்றரை நாள் மௌனம், ஆனால் யார்மீதும் குற்றமில்லை.

கடைசியாக, மெயில்தான் சரியான வழியா என்றும் யோசியுங்கள். மடிக்கணினி பழுது, அனுமதி, அடையாள அட்டை, கேப் வசதி போன்றவற்றுக்குப் பெரும்பாலான நிறுவனங்களில் டிக்கெட் போட வேண்டும், அதாவது அந்தத் துறையின் பதிவு முறையில் கோரிக்கையைப் பதிய வேண்டும். அந்தத் துறைகளில் டிக்கெட்டுக்குத்தான் கெடு உண்டு. மெயிலுக்குக் கணக்கே இல்லை.

இரண்டாம் படி: பதில் எழுதச் சுலபமான மெயில்

பதில் வராத மெயில்களில் பெரும்பாதி, பதில் எழுத முடியாதபடி எழுதப்பட்டவை. நம் பிள்ளைகளின் முதல் மெயில்களைப் பார்த்தால் தெரியும். மதிப்பிற்குரிய ஐயா, நான் இன்ன தேதியில் இன்ன டீமில் சேர்ந்தேன், எனக்கு இன்ன பணி தரப்பட்டுள்ளது, அதன் பின்னணி இது என்று மூன்று பத்தி ஓடும். நான்காவது பத்தியின் நடுவில் கேள்வி ஒளிந்திருக்கும். முடிவில், தாலுகா அலுவலக மனுவைப் போல, 'இதைக் கண்டு ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்'. என்ன ஆவன, யார் செய்வது, எதற்குள் செய்வது? ஒன்றும் இருக்காது.

இதைப் படிப்பவர் எங்கே இருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டாத கேபில், அல்லது பர்ப்பிள் லைன் மெட்ரோவில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கைபேசியில் மெயில்களைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். அவர் கண்ணில் படுவது தலைப்பு வரியும் முதல் ஓரிரு வரிகளும் மட்டுமே. உங்கள் கேள்வி அங்கே இல்லையென்றால் அது இல்லவே இல்லை என்றுதான் பொருள்.

சரியான வரிசை இப்படி இருக்கும்:

தலைப்பு: புதன் மாலை 5 மணிக்குள் தேவை: சோதனை டேட்டாபேஸ் அனுமதி

மஞ்சுநாத், சோதனை டேட்டாபேஸைப் படிக்கும் அனுமதியை எனக்குத் தர முடியுமா? புதன் மாலை 5 மணிக்குள் கிடைத்தால் வெள்ளிக்கிழமை வெளியீட்டுக்குச் சோதனைகளை முடித்துவிடுவேன். உங்களால் தர இயலாதென்றால் யாரைக் கேட்க வேண்டும் என்று சொன்னால் போதும். பின்னணி விவரம் கீழே இருக்கிறது.

முதல் வாக்கியத்திலேயே கேள்வி, அடுத்ததில் கெடுவும் அதற்கான காரணமும், பிறகு 'நானில்லை' என்று சொல்லி விலகவும் ஒரு வழி. பின்னணி வேண்டுபவர் கீழே இறங்கிப் படித்துக்கொள்வார். வெளிநாட்டுக்கு எழுதினால் கெடு எந்த ஊர் நேரம் என்பதையும் போடுங்கள்.

பெறுநர் கட்டத்தில் ஒரே ஒருவர் இருக்கட்டும். எட்டுப் பேருக்கு அனுப்பினால், ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரில் யாரோ பதில் சொல்வார்கள் என்று விட்டுவிடுவார்கள். தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் மட்டும் சிசி-யில். இரண்டு பேரிடம் இரண்டு வேலை ஆக வேண்டுமென்றால் இரண்டு மெயிலாக எழுதுங்கள். ஒரே மெயிலில்தான் எழுத வேண்டியிருந்தால், ஒவ்வொருவர் பெயரையும் வரியின் தொடக்கத்தில் போட்டு அவர் செய்ய வேண்டியதை எதிரே எழுதுங்கள்.

'சார்' போடுவதா பெயர் சொல்வதா என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. பெங்களூரின் மென்பொருள் நிறுவனங்களில் பெரும்பாலும் பெயர்தான். நாற்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லி எழுதுவது முதல் மாதம் கூச்சமாக இருக்கும், பிறகு பழகிவிடும். எச்.ஏ.எல், பி.இ.எல் போன்ற பொதுத்துறை நிறுவனங்களுக்கு எழுதும்போது மட்டும் பழைய மரியாதையும் படிநிலையும் அப்படியே இருக்கட்டும்.

மூன்றாம் படி: நினைவூட்டல்

எவ்வளவு காத்திருப்பது? சொந்த டீமுக்குள் ஒரு வேலை நாள், வேறு டீம் என்றால் இரண்டு. நிதி, சட்டம், கொள்முதல் போன்ற துறைகளுக்கு எழுதும்போது, 'வழக்கமாக எத்தனை நாள் ஆகும்?' என்று முதல் மெயிலிலேயே கேட்டுவிடுங்கள். இது என் கணக்கு. உங்கள் டீமின் வழக்கம் வேறாக இருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

நினைவூட்டலைப் புது மெயிலாக எழுதாதீர்கள். பழைய மெயிலுக்கே பதிலாக எழுதினால் கேள்வி, தேதி, வரலாறு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். 'பணிவான நினைவூட்டல்' என்று ஒரே வரி எழுதி அனுப்புவது எனக்குப் பிடிக்காது. அது படிப்பவரைக் கீழே போய்த் தேட வைக்கிறது. கேள்வியை மறுபடி மேலே எழுதுங்கள். கூடவே புதிதாக ஒன்றைச் சேருங்கள்: 'புதன்கிழமை தேவைப்படும் அனுமதி பற்றிக் கேட்டிருந்தேன். இதற்கிடையில் ரம்யாவின் உதவியோடு பாதிச் சோதனைகளை முடித்துவிட்டேன். மீதிக்கு இந்த அனுமதி மட்டும்தான் பாக்கி.' நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதும் அவருடைய பங்கு எவ்வளவு சிறியது என்பதும் இதில் தெரிந்துவிடும்.

படித்ததற்கான ஒப்புகை கேட்கும் வசதியைத் தொடாதீர்கள். ஒப்புகை அனுப்பாமல் மறுக்க அவரால் முடியும். அதற்குள் வேவு பார்க்கிறீர்கள் என்ற எண்ணம் மட்டும் அவருக்கு வந்துவிடும். 'அவசரம்' என்று காட்டும் சிவப்பு ஆச்சரியக்குறியை எல்லா மெயிலுக்கும் போட்டால் ஒரே மாதத்தில் அதற்கு மதிப்பு போய்விடும். இரவு பதினொன்றுக்கு எழுதியதைக் காலை ஒன்பதரைக்குப் போகும்படி நேரம் குறித்து அனுப்புங்கள்; அவுட்லுக், ஜிமெயில் இரண்டிலும் அந்த வசதி உண்டு.

நான்காம் படி: வழியை மாற்றுங்கள்

ஒரு நினைவூட்டலுக்கும் பதில் இல்லையென்றால் மூன்றாவது மெயில் எழுதுவதில் பயனில்லை. சாட்டில் கேளுங்கள். அங்கே 'ஹாய்' என்று மட்டும் போட்டுவிட்டு எதிர்வணக்கத்துக்குக் காத்திருக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எதிரில் இருப்பவருக்கு என்ன வரப்போகிறதோ என்ற சங்கடம்தான் மிஞ்சும். வணக்கம், கேள்வி, கெடு மூன்றையும் ஒரே செய்தியில் போடுங்கள்.

அதைவிட நல்லது நேரில் போவது. எந்தெந்த நாள் அவர் அலுவலகத்துக்கு வருகிறார் என்று விசாரித்து, மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் இருக்கைக்குப் போங்கள். காதில் கருவி மாட்டியிருந்தால் திரும்பிவிடுங்கள். கன்னடக்காரரிடம் 'ஊட்டா ஆய்த்தா?' (சாப்பிட்டாச்சா?) என்று இரண்டு சொல் கேட்டால், அடுத்து ஆங்கிலத்துக்கு மாறினாலும் முகம் மலர்ந்திருக்கும். வேலை விஷயத்தை இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். வாயிலுக்கு வெளியே தேநீர்க் கடையில் எதேச்சையாகப் பார்த்தால் வேலையைப் பற்றிப் பேசாதீர்கள். அங்கே உண்டாகும் பழக்கம் அடுத்த மெயிலுக்கு உதவும். அங்கேயும் துரத்தினால் அவர் கடையை மாற்றிக்கொள்வார்.

நேரில் போகும்போதுதான் மௌனத்தின் உண்மையான காரணம் தெரியும். ஓயாத வேலையால் பதில் எழுதாதவர் 'அடடா' என்று உடனே செய்து கொடுத்துவிடுவார். விடை தெரியாதவர் இருக்கிறார். தெரியாது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளக் கூச்சப்படுகிறார். அவரிடம் 'இதை யாரைக் கேட்டால் தெரியும்?' என்று கேட்டால் நிம்மதியாகப் பெயர் சொல்வார். எழுதிக் கொடுத்தால் நாளைக்குத் தன்மேல் வரும் என்று பயப்படுபவர் இன்னொரு வகை. நிதி, தணிக்கை சார்ந்த வேலைகளில் இவர்களைப் பார்க்கலாம். வாயால் எல்லாம் சொல்வார்கள், மெயிலில் ஒரு வரி வராது.

எல்லாரையும்விட அதிகம், 'முடியாது' என்று சொல்ல மனமில்லாதவர்கள். கல்யாணத்துக்கு வர முடியாது என்பதைக்கூட 'பார்க்கலாம்' என்று சொல்லும் ஊர்களிலிருந்துதான் நாமெல்லாம் வந்திருக்கிறோம். இந்தியாவின் மற்ற மாநிலத்தாரும் இதில் வேறுபட்டவர்கள் இல்லை. அவருடைய மௌனமே அவருடைய மறுப்பு. அதைப் புரிந்துகொள்ளாமல் நினைவூட்டிக்கொண்டே இருந்தால் உங்கள் பெயரைப் பார்த்தாலே அவர் ஒதுங்குவார். 'இந்த மாதம் முடியாதென்றாலும் பரவாயில்லை. சொல்லிவிட்டால் நான் திட்டத்தை மாற்றிக்கொள்கிறேன்' என்று நீங்களே கதவைத் திறந்துவிடுங்கள். பல நேரம் பத்து நிமிடத்தில் பதில் வரும். மறுப்புதான் என்றாலும் அதுவும் பதில்தான். அதை வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

நேரில் பேசி முடித்ததும் இருக்கைக்குத் திரும்பி இரண்டு வரி எழுதிவிடுங்கள்: 'இப்போது பேசியபடி, வியாழக்கிழமை மதியத்துக்குள் அனுமதி தருவதாகச் சொன்னீர்கள். நான் ஏதாவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். நன்றி.' எழுதத் தயங்குபவரிடம் இது இன்னும் முக்கியம். அவர் எழுத வேண்டியதில்லை, நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

தமிழ் வழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதில் தராதவரின் டீமில் ஒரு தமிழர் இருப்பார். 'அண்ணா, கொஞ்சம் அவரிடம் சொல்லுங்களேன்' என்று கேட்கத் தோன்றும். பதில் தராதவர் என்ன மனநிலையில் இருக்கிறார், எப்போது கேட்டால் நல்லது என்று தெரிந்துகொள்வதற்கு அந்த அண்ணாவைப் பயன்படுத்துங்கள். தூது அனுப்பாதீர்கள். ஒடிசாக்காரரோ கன்னடக்காரரோ, தமிழர்கள் கூடிப் பேசித் தன்னை நெருக்குகிறார்கள் என்று நினைத்துவிட்டால் அதை மாற்றுவது கடினம். அவர் பக்கத்தில் இருக்கும்போது அவருடைய வேலையைப் பற்றித் தமிழில் பேசுவதும் அப்படித்தான். பெங்களூரில் தமிழ் யாருக்குப் புரியும், யாருக்குப் புரியாது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

ஐந்தாம் படி: பதிலுக்குக் காத்திராமல் நகர்வது

சில முடிவுகளுக்குப் பதிலே தேவையில்லை. 'இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழியே சரியென்று நினைக்கிறேன். புதன் மாலை 5 மணிக்குள் மாற்றுக் கருத்து வராவிட்டால் அதன்படி தொடர்கிறேன்' என்று எழுதிவிட்டு வேலையைத் தொடரலாம். உங்கள் பொறுப்புக்குள் அடங்கும், பிறகு மாற்றிக்கொள்ளக்கூடிய விஷயங்களுக்கு மட்டும்தான் இது. பணம், வாடிக்கையாளர் தகவல், பாதுகாப்பு, இயங்கிக்கொண்டிருக்கும் அமைப்பில் மாற்றம் போன்றவற்றில் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டால் வேலைக்கே ஆபத்து. அங்கே எழுத்தில் 'சரி' வரும்வரை கை வைக்கக் கூடாது.

ஆறாம் படி: மேலே கொண்டுபோவது

இதற்கு இங்கே எஸ்கலேஷன் என்று பெயர். புதியவர்கள் செய்வது இரண்டில் ஒன்று: கடைசிவரை செய்யவே மாட்டார்கள், அல்லது திடீரென ஒருநாள் பதில் தராதவருடைய மேனேஜரை சிசி-யில் சேர்த்து 'பலமுறை நினைவூட்டியும் பதில் இல்லை' என்று எழுதிவிடுவார்கள். இரண்டாவது செயல் அனுமதியை வாங்கித் தரலாம். அந்த மனிதரை இழந்துவிடுவீர்கள்.

முதலில் உங்கள் மேனேஜரிடம் வாயால் சொல்லுங்கள். 'இந்த அனுமதி நிற்கிறது, இரண்டு முறை எழுதினேன், ஒருமுறை நேரில் பேசினேன், வெள்ளிக்கிழமை தேதி தள்ளிப்போகலாம்.' குறையாகச் சொல்லாமல் நிலவரமாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவரே மற்ற மேனேஜருக்கு ஒரு வரி அனுப்பி முடித்துவிடுவார். எழுத்தில்தான் போக வேண்டும் என்றால், உரியவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: 'நாளை மதியத்துக்குள் முடியாவிட்டால் வெளியீட்டுத் தேதியை மாற்ற வேண்டியிருக்கும், அதனால் இரண்டு மேனேஜர்களையும் சேர்த்து எழுதுகிறேன்.' அந்த மெயிலில் பேச்செல்லாம் தேதியைப் பற்றியே இருக்கட்டும், ஆளைப் பற்றி வேண்டாம். எத்தனை முறை எழுதினீர்கள் என்பதைப் பழைய மெயில்களே சொல்லும்.

மற்றவர்களுக்குத் தெரியாமல் நகல் அனுப்பும் பிசிசி-யில் யாரையும் ஒளித்து வைக்காதீர்கள். அப்படி வைக்கப்பட்டவர் தெரியாமல் எல்லாருக்கும் பதில் அனுப்பினால், நீங்கள் ஒளித்து வைத்ததும் வெளியே வந்துவிடும்.

பதில் எழுதாதவர் உங்கள் சொந்த மேனேஜராகவே இருந்தால்? அவருக்கு ஒவ்வொன்றாக மெயில் அனுப்புவதை நிறுத்துங்கள். கேள்விகளைச் சேர்த்து வைத்து, வாரத்தில் உங்களுக்கென்று ஒதுக்கிய அரைமணி நேரத்துக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் உங்கள் பரிந்துரையை எழுதி வையுங்கள். அவர் 'ஆம்', 'இல்லை' என்றால் போதும். முடிவுகளை அன்றே மெயிலில் பதிவு செய்துவிடுங்கள்.

நோட்டீஸ் காலத்தில் இருப்பவர்

இவரைத் தனியாகச் சொல்லக் காரணம், மற்ற படிகள் இங்கே மெதுவானவை. ராஜினாமா கொடுத்தவருக்கு உங்கள் கெடுவில் அக்கறை இருக்காது, அதைக் குறை சொல்லவும் முடியாது. பல நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் இரண்டு மூன்று மாதம் என்பதால் நிறைய நேரம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் மிச்சமிருக்கும் விடுப்பை அவர் கடைசி வாரங்களில் எடுத்துக்கொள்ளலாம். புதிய நிறுவனம் அவசரப்படுத்தி முன்பே அழைத்துக்கொள்ளலாம். அவர் கிளம்புகிறார் என்று தெரிந்த அன்றே, அவரிடமிருந்து தேவையான கோப்புகள், கடவுச்சொல் பொறுப்புகள், பாதியில் நிற்கும் வேலைகள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு அனுப்பி, ஒரு மணி நேரக் கைமாற்றக் கூட்டத்துக்கு நாட்காட்டியில் இடம் பிடியுங்கள். அவருடைய வேலையை இனி யார் பார்ப்பார் என்று அவருடைய மேனேஜரிடம் கேட்டு, அந்தப் பெயரையும் அதே கூட்டத்தில் சேருங்கள். கடைசி நாளோடு அவருடைய கணக்கு மூடப்படும். பிறகு அனுப்பும் மெயில் உங்களிடமே திரும்பி வரும், அல்லது யாரும் திறக்காத ஒரு பெட்டியில் போய் விழும்.